வேரறுத்தலும் மறக்கருணையும்

உயிர்கள் எண்ணிறந்தன, அவை தத்தம் வினைக்கீடாக நால்வகைத் தோற்றத்து எழுவகைப் பிறப்பும் எடுத்து உழல்வன என்பது சைவசித்தாந்தத் துணிபு. அவ்வெழுவகையுள் தாவரமும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டமையின், மண்ணில் வேரூன்றி நிற்கும் புதலும் கொடியும் மரமும் உயிருடையனவே யன்றி வெறுஞ்சடம் அல்ல. தொல்காப்பியனாரும் மரபியலில் அவற்றை ஓரறிவுயிராக வகுத்து, அவ்வறிவு ஊற்றுணர்வு என்று கூறிப்போந்தார். உண்மை இவ்வாறாகவே, ஒருவன் ஒரு செடியைத் தொட்டியினின்றும் பெயர்த்தெடுத்து, அதன் வேரில் ஒரு பகுதியைக் கத்தரியால் நறுக்கியெறிந்து, ஆழமில்லாத தட்டொன்றில் நட்டு, அதன் குறுகிய வடிவைக் கண்டு மகிழ்வானாயின், அச்செயல் அறமோ மறமோ என்னும் வினா எழுதல் இயல்பே.

இவ்வினாவிற்கு இருதிறத்தார் விரைந்து விடை பகர்வர். 'உயிருக்கு ஊறு செய்தல் எவ்வாற்றானும் தீவினையே. வாய்விட்டு அழமாட்டாத உயிர் என்பதனால் அது தீவினை ஆகாதொழியுமோ?' என்பர் ஒரு சாரார். 'அறுத்தபின்னரே அச்செடி தழைக்கின்றது. இறைவன் துன்பந்தந்து உயிர்களைத் திருத்துதல் போல்வதே இது. ஆகலின் இதுவும் ஒரு மறக்கருணையாம்' என்பர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றுச் சைவர் செவிக்கு இனிதாயிருத்தலின் அதனை ஆராயாது ஏற்றுக்கோடல் எளிது. எளிதாதல் பற்றியே அது நன்கு ஆராயற்பாலதாயிற்று.

முதற்கண் அத்தொழிலின் இயல்பு அறியப்படல் வேண்டும். தட்டில் மரம் வளர்க்கும் இக்கலை சீனத்தில் தோன்றி ஜப்பானில் வளர்ந்தது. கி.பி. 706-இல் அமைந்த சீன இளவரசர் ஒருவருடைய கல்லறைச் சுவரோவியத்தில், சிறு கல்லும் சிறு செடியும் அமைந்த தட்டினைப் பணியாளர் ஏந்தி நிற்றலைக் காணலாம். ஜப்பானியர் இதனைப் பொன்சாய் என்பர்; தட்டில் நடப்பட்டது என்பது அச்சொற்குப் பொருள். 1923-ஆம் ஆண்டு டோக்கியோ நகரைப் பாழ்செய்த நிலநடுக்கத்தின் பின்னர், அந்நகரத்துப் பொன்சாய் வளர்ப்போர் சிலர் நல்ல மண்ணும் நீரும் நாடிச்சென்று, 1925-இல் ஓமியா என்னும் இடத்தில் தமக்கென ஓர் ஊரே அமைத்துக்கொண்டனர். இன்று அக்கலை உலகெங்கும் பரவியுள்ளது.

ஈண்டு ஒன்று தெளியக் கிடத்தல் வேண்டும். பொன்சாய் என்பது இயற்கையிலே குறுகிய ஒரு மரவினத்தின் பெயரன்று. தட்டில் ஒரு முழ உயரம் நிற்கும் பைன் மரத்தின் வித்தினை நிலத்தில் ஊன்றினால், அது தன் இனத்திற்குரிய நெடுமரமாகவே ஓங்கும். அக்குறுமரத்தையே எடுத்து நிலத்தில் நட்டாலும் அது பருத்து வளரத் தலைப்படும். சிறுமை அதன் இயல்பன்று. தட்டாலும் கத்தரியாலும் வந்தேறியது. இவ்வுண்மை பின்னர் வேண்டப்படும்.

இக்கலையிற் புதிதாகப் புகுவோர் பெரிதும் வாங்குவது ஜூனிப்பர் என்னும் பசுமை மாறாச் செடியாம். ஜப்பானின் தென்கடற்கரைகளிற் படர்ந்து வளரும் இயல்பினதாகிய ஒருவகை ஜூனிப்பர், அமெரிக்க நாற்றுப்பண்ணைகளில் பிளாஸ்டிக் தொட்டிகளில் வைத்து விற்கப்படுகின்றது. பண்ணையிற் பலகாலம் கிடந்த அத்தகைய செடியொன்றைத் தொட்டியினின்றும் கவிழ்த்தெடுப்பார்க்கு முதலிற் புலப்படுவது மண்ணன்று, வேரே. வேர்கள் வெளிநோக்கி ஓடித் தொட்டியின் சுவரைத் தொட்டு, அதற்கப்பாற் செல்ல வழியின்றி வளைந்து, சுற்றிச்சுற்றி வட்டமிட்டு, அடியில் ஒரு பாய்போல் முடைந்து கிடக்கும். இடைநின்ற மண்ணோ மட்கிப் பொடியாகி இறுகி, ஊற்றிய நீரை உட்கொள்ளாது. உட்கொண்ட நீரை வடியவும் விடாது. வேருக்கு நீர் வேண்டுமாறு போலவே காற்றும் வேண்டும். காற்றுப் புகாத ஈரத்தில் வேர் அழுகும். ஆகவே, மேலே பச்சைப்பசேரென்று தோன்றும் அச்செடி கீழே தன் வேராலேயே தான் நெருக்குண்டு மூச்சுத்திணறி நிற்கின்றது.

இதற்குச் செய்யப்படும் தொழில் வருமாறு. குளிர் நீங்கி, தளிர் விடுதற்கு முந்திய காலத்தில், வேர்க்கட்டியை வெளியினின்றும் உள்நோக்கிக் கொக்கியாலோ மூங்கிற்குச்சியாலோ மெல்ல வாருவர். சிக்கல் நீங்கிய பின்னர், வட்டமிட்டோடிய தடித்த வேர்களையும் அடியிற் பின்னிய பாயையும் அறுப்பர். தண்டின் அருகே உள்ள சல்லிவேர்களைக் காப்பர். ஏனெனில், தடித்த வேர் மரத்தை நிறுத்துவதும் நீரைக் கடத்துவதுமே யன்றி, நீரை மண்ணினின்றும் உறிஞ்சுந் தொழில் நுண்ணிய வேர்நுனிகளிலேயே நிகழ்கின்றது. தடித்த வேர் அறுபட்ட இடத்திற் பல சல்லிவேர்கள் புதிதாகக் கிளைக்கும். ஜூனிப்பர் போல்வனவற்றில் ஒருமுறைக்கு வேரின் மூன்றிலொரு பங்கிற்கு மேல் அறுத்தல் ஆகாது என்பது தேர்ந்தோர் கொள்ளும் அளவு. பழைய மண் முழுவதையும் கழுவிவிடுதலும் ஆகாது. அவ்வேரோடு கூடி வாழும் நுண்பூசணம் அம்மண்ணிலே உள்ளது. பின்னர், வடிதுளைகளை வலையால் மூடி, நுரைக்கல்லும் எரிமலைக்கல்லும் ஜப்பானிய அகதாமா மண்ணுருண்டையும் போன்ற பருக்கைகளை இட்டு, காற்றிலே அசைந்து புதுவேர் முறியாவண்ணம் செடியைக் கம்பியால் தட்டோடு பிணித்து, வேரிடையே வெற்றிடம் இராதபடி குச்சியாற் குத்திப் பருக்கைகளை நிரப்பி, வடியும் நீர் தெளியுமளவும் நீர் விடுவர். அதன்பின் சில வாரங்கள் கடுவெயிலும் பெருங்காற்றும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். புதுத்தளிர் காணுமளவும் உரம் இடார்.

புதியோர் பெரும்பாலும் பிழைப்பது ஒரே இடத்தில். அவர் செடியை வாங்கிய அன்றைக்கே கிளைகளைக் கழித்து, எஞ்சியவற்றைக் கம்பி சுற்றி வளைத்து, வேரையும் அறுத்துத் தட்டில் ஏற்றிவிடுகின்றனர். ஜூனிப்பர் தன் வலியைப் பெரிதும் இலையிலே வைத்திருப்பது. இலையும் இழந்து வேரும் இழந்த செடி எதனைக்கொண்டு ஆறும்? ஒரு பருவத்திற்கு ஒரு புண்ணே போதும் என்பர் பழகினோர். இதனினுங் கொடியது, அச்செடி இறந்தமை உடனே தெரியாமை. வேர் செத்துப் பல வாரங்கள் சென்ற பின்னரும் ஜூனிப்பரின் இலை பசுமை மாறாதிருக்கும். வளர்த்தோன் அதற்கு நாடோறும் நீர்விட்டு, 'என் செடி நன்றாயிருக்கின்றது' என்று மகிழ்ந்துகொண்டிருப்பான்; இருப்பதோ பசிய பிணம்.

இனி, இது கொலைப்பாற்படுமோ என்பதனை ஆராய்வாம். தாவரத்திற்கு ஊறு செய்தல் யாண்டும் ஒருபடித்தாய தீவினையெனின், உணவும் இல்லை, பூசனையும் இல்லை. முருக நாயனார் திருப்புகலூரில் வைகறையில் எழுந்து மலர் கொய்தார்; திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரம் ஏந்தித் திருக்கோயிற் புறங்களிற் புற்செதுக்கினார். புல்லும் உயிரே. ஆயினும் அத்தொண்டினைத் தீவினை என்பார் ஒருவரும் இலர், என்னை? செய்வோர் தம்பொருட்டுச் செய்யாமையானும், செயல் சிவன்பணியாய் ஒடுங்கினமையானும் என்க. இதனாற் பெறப்படுவது, செயலின் தன்மை கருவியிலன்றிக் கருத்திலே கிடத்தல். அற்றேல், பொன்சாய் வளர்ப்போன் தன்னை அப்பெரியோரோடு ஒப்பவைத்து ஆறுதல் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. அவன் கருத்துத் தன் கண்ணின்பம். அதனை மறைத்தல் பொய்யாகும். அவ்வின்பம் பழியுடையது என்பதும் இல்லை. மனைமுன்றிலில் மல்லிகை வளர்த்துக் கவாத்துச் செய்வோர் இன்பத்தினும் அது வேறன்று. ஆயினும் அது தனக்கென்று கொண்ட இன்பம். அதற்குரிய பொறுப்பும் அவனைச் சார்ந்ததே.

'அங்ஙனமாயின், உண்மையில் இரக்கமுடையான் அச்செடியைத் தட்டிலும் வையாது, வேரையும் அறாது, தொட்டியினின்றும் எடுத்தபடியே நிலத்தில் நட்டு விடுதலை செய்க' எனின், இத்தடை வலியுடையது. நின்று விடைகூறத் தக்கது. தோட்டத்தொழில் அறிந்தோர் நன்குணர்ந்த செய்தி ஒன்றுண்டு. தொட்டியில் வட்டமிட்டு வளர்ந்த வேரைச் சிக்கெடாமலும் அறாமலும் அவ்வாறே நிலத்தில் நட்டால், அது நிலம் அகன்றிருக்கின்றதென்று கண்டு நேரே ஓடுவதில்லை. பழைய வட்டத்திலே கிடந்து பருக்கும். சின்னாட் கழிந்து தண்டும் பருக்கும்போது, அவ்வளைந்த வேர் தண்டினைக் கயிறுபோல் இறுக்கும். அதனால், பல்லாண்டு நன்றாய் நின்ற மரம் ஒருநாள் காரணம் தெரியாமல் வாடும். தோண்டிப் பார்ப்பார் தம் வேரே தம் கழுத்தை நெரித்த மரத்தைக் காண்பர். சுவர் போயிற்று, சுவரின் வடிவு போகவில்லை.

பெருங்காயம் இருந்த பாண்டத்தினைக் கழுவியபின்னரும் அதன் மணம் நீங்காமையை வாசனாமலத்திற்கு எடுத்துக்காட்டாகச் சித்தாந்த நூலுரைகள் கூறும். அவ்வுவமையினும் இவ்வேர் ஒருவாற்றான் மிக்கது. பாண்டத்தின் மணம் நாளடைவிற் குறையும். இவ்வேரோ நாளடைவில் தடிக்கும். கட்டு நீங்குதலே வீடு என்று கருதுவோர்க்கு இஃது அறிவுறுத்துவது யாதெனின், கட்டுப்பட்ட காலத்திற் கொண்ட வளைவு கட்டு நீங்கிய பின்னரும் தன்தொழில் செய்யும் என்பதே. செல்வம் போனபின்னும் செருக்குப் போகாதாரையும், துறந்து மடம் புக்கபின்னும் மடத்திலே ஒரு குடும்பம் படைத்துக்கொள்வாரையும் உலகம் கண்டுளது. ஆகவே நிலத்தில் நடினும் அவ்வேர் அறுபடல் வேண்டுவதே. அறாமை இரக்கமன்று, அஃது அறுப்பவனுடைய மென்மை, செடிக்கு நன்மையன்று.

இவ்வளவின்கண் பின்னவர் கூறிய மறக்கருணை உவமை பொருந்துவதாகவே தோன்றும். சிவஞானசித்தியார் இறைவன் செய்யும் ஒறுப்பினைத் தம் மக்களைத் திருத்தும் தாய்தந்தையர் சினத்தோடும், சில நோயை அறுத்தும் சில நோயை மருந்தூட்டியும் தீர்க்கும் மருத்துவன் செயலோடும் ஒப்புமைப்படுத்தி அருள் என்று நிறுவும். வேரறுப்பிலும் அத்தகைய அளவு உண்டு. சஞ்சிதம் முழுவதையும் ஒருங்கே ஊட்டின் எவ்வுயிரும் தாங்காதென்று, இறைவன் ஒரு பிறப்பிற்கு ஏற்றதனையே பிராரத்தமாக வகுத்து ஊட்டுகின்றான் அன்றே? மூன்றிலொரு பங்கு, ஒரு பருவத்திற்கு ஒரு புண் என்னும் அளவுகள் அதனை நினைப்பிக்கத் தக்கனவே. சல்லிவேரைக் காத்துத் தடித்த வேரை அறுத்தலும் அத்தகையதே. எது உயிரை ஊட்டுகின்றது, எது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கின்றது என்று பகுத்துக் கண்டன்றிக் கத்தரி எடுத்தல் இல்லை.

ஆயின், உவமை இவ்விடத்தே நிற்கவேண்டும். இதற்குமேல் ஓரடி எடுத்துவைப்பினும் அது தலைகீழாம். என்னை? உயிர் தன்னியல்பில் வியாபகமுடையது. ஆணவத்தாற் கட்டுண்டு அணுத்தன்மைப்பட்டு நிற்கின்றது என்பது சித்தாந்தம். நெடுமரமாதற்குரிய ஒன்றினைத் தட்டிலே குறுக்கி, 'நீ இவ்வளவினையே' என்று நிறுத்துவது எதன் தொழில்? மலத்தின் தொழில், மலம் நீக்குவோன் தொழிலன்று. ஆகவே பொன்சாய் வளர்ப்போன் ஒரு கையால் வேர்ச்சிக்கறுத்து அருளின் நிழலைச் செய்கின்றான். மறுகையால் தட்டில் அடைத்து ஆணவத்தின் நிழலையும் செய்கின்றான். இறைவன் அறுப்பது உயிர் அகலும்பொருட்டு. இவன் அறுப்பது செடி அகலாது தட்டினுள்ளே நிலைக்கும்பொருட்டு. இறைவனுக்கு அதனால் வரும் பயன் ஒன்றுமில்லை. இவனுக்கோ அழகின்பம் வருகின்றது. வேற்றுமை சிறிதன்று.

இதனைத் தோட்டக்காரரொடு நிறுத்தாமல் விரித்தற்குக் காரணம் உண்டு. மறக்கருணை என்னும் சொல் இறைவனுக்கு உரியது. அதனை மாந்தர் தமக்கு எடுத்துக்கொள்ளுதல் பெருவழக்காயிற்று. மகன் விரும்பிய கல்வியைத் தடுத்துத் தன் தொழிலிலே பிணிக்கும் தந்தை, 'அவன் நன்மைக்கே அறுத்தேன்' என்கின்றான். ஐயம் வினாவிய மாணாக்கனை அவையிலே இகழ்ந்த ஆசிரியன், 'செருக்கறுத்தேன்' என்கின்றான். மருமகளை ஓயாது கடியும் மாமியும் அவளைத் திருத்துவதாகவே கூறுவாள். இவர்கள் அறுத்தது உண்மை. அறுத்தது எதன்பொருட்டு என்பதே வினா. அறுக்கப்பட்டார் தழைத்துத் தம்மைவிட்டு அகன்று ஓங்குவாராயின் இவர் மகிழ்வரோ? மகிழ்வரெனின் அச்செயலிற் கருணையின் சாயல் ஒருசிறிது உண்டு. மகிழாரெனின், அவர் செய்தது தமக்கேற்ற தட்டின் அளவிற்குப் பிறரைக் கத்தரித்தலே. சித்தியார் தாய்தந்தையரை உவமையாகக் கொண்டது அவர்தம் பரிவு நோக்கி. பரிவின்றிக் கோலெடுத்தாரெல்லாம் தம்மை அவ்வுவமைக்குள்ளே புகுத்திக்கொள்ளுதற்கன்று.

அங்ஙனமாயின் தட்டில் மரம் வளர்த்தல் விலக்கற்பாலதோ எனின், அவ்வாறு விதித்தல் ஈண்டுக் கருத்தன்று. ஓருயிரைத் தன் இன்பத்தின்பொருட்டுத் தன் கையகப்படுத்தியவன் அதற்குத் தீராக் கடன்பட்டான் என்பதே கருத்து. நிலத்தில் நின்ற மரம் தன் வேரால் நீர் தேடிக்கொள்ளும். தட்டில் நிற்கும் மரத்திற்கு அவ்வழி அடைபட்டது. கோடையில் ஒருநாள் நீர் மறந்தாலும் அது மாளும். இளமரத்திற்கு இரண்டு மூன்று ஆண்டிற்கு ஒருமுறையும், முதுமரத்திற்கு அதனினும் நீண்ட இடையிட்டும் மீண்டும் மண் மாற்றி வேர் திருத்தவேண்டும். ஒருமுறை தொடங்கியதற்குப் பின்னர் ஓய்வில்லை. ஆகலின் இத்தொழிலிற் கொடுமை என்று சொல்லத்தக்கது கத்தரி வேரிற் பட்ட அக்கணமன்று. ஆர்வத்தால் அறுத்துவிட்டு, மூன்றாந் திங்களில் ஆர்வம் வற்றி, அச்செடியைச் சாளரத்து மூலையில் மறந்துவிடுதலே கொடுமை. ஜூனிப்பர் அப்பொழுதும் பச்சையாகவே நிற்கும் என்பது முன்னரே கூறப்பட்டது.

அக்கடனைத் தலைமுறை தலைமுறையாக இறுத்தவர்களும் உளர். ஹிரோஷிமா நகரில் யமாகி என்னும் குடும்பத்தார் வெண்பைன் மரம் ஒன்றினைத் தட்டில் வளர்த்துவந்தனர். அது 1625-ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டது என்பர். 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் அந்நகர்மேல் அணுகுண்டு வீழ்ந்தபோது, வீழ்ந்த இடத்திற்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தொலைவில், அவர்கள் தோட்டத்துச் சுவரின் மறைவில் நின்ற அம்மரம் பிழைத்தது. 1976-இல் ஜப்பானியர் அமெரிக்க நாட்டிற்கு அளித்த 53 பொன்சாய்களுள் ஒன்றாக மசாரு யமாகி அதனைக் கொடுத்தார். குண்டு வீசிய நாட்டிற்கே கொடுத்தார். கொடுத்தபோது அது பிழைத்த வரலாற்றினை அங்குள்ளோர் அறிந்திலர். 2001-ஆம் ஆண்டு அவருடைய பேரர் இருவர் வாஷிங்டன் நகருக்குப் போந்து, தம் பாட்டனார் மரத்தைத் தேடிக் கண்டு கூறியபின்னரே அது வெளிப்பட்டது. அதற்கிடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டும், அதன் வரலாறு அறியாத அயல்நாட்டுப் பணியாளர்கள் அம்மரத்திற்கு நாள் தவறாது நீர்விட்டும், வேண்டிய பருவத்தில் மண்மாற்றி வேர்திருத்தியும் வந்தனர்.